இரண்டு டிசம்பர்கள், ஒரு மலை: நீலகிரி வானில் காகித வரைபடமும் ஜிபிஎஸ்ஸும்

1950 டிசம்பர் 13. ஏர் இந்தியாவின் டக்ளஸ் டிசி-3 விமானம் ஒன்று கோத்தகிரி அருகே மலையில் மோதியது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த வால்ட், இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 48.

2021 டிசம்பர் 8. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11.48 மணிக்குக் கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், வெலிங்டனில் இறங்க வேண்டிய நேரம் 12.15. 12.08 மணியளவில் சூலூர்க் கட்டுப்பாட்டு அறையுடன் அதன் தொடர்பு அறுந்தது. குன்னூரை அடுத்த காட்டேரி, நஞ்சப்பசத்திரம் பகுதியில் அது விழுந்து எரிந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து இறந்தார்.

இரண்டுக்கும் இடையே 71 ஆண்டுகள். மலை ஒன்றுதான், சரிவும் அதே கிழக்குச் சரிவுதான், மாதமும் அதே மாதம்தான். மாறியிருந்தது விமானி அறை. முதல் விமானத்தின் காலத்தில் மடித்த காகித வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், வானொலி ஆகியவற்றை நம்பிப் பறந்தார்கள். இரண்டாவது, மின்னணுத் திரைகளும் வானிலை ராடாரும் கொண்ட வகையைச் சேர்ந்தது. இரண்டுமே சிறு விமானங்கள் இல்லைதான். ஆனால் நான்கு பேர் அமரும் செஸ்னாவோ, தனியார் ஹெலிகாப்டரோ இந்த மலையை நெருங்கும்போது எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. சொல்லப்போனால் அவற்றுக்கு எஞ்சின் வலு குறைவு, துணை விமானியும் பெரும்பாலும் கிடையாது.

சிறு விமானம் ஓட்டுபவர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு: கையில் காகிதம் வேண்டுமா, ஜிபிஎஸ் போதுமா? சமவெளியில் இது பெரும்பாலும் பழக்கத்தைப் பற்றிய பேச்சு. நீலகிரி போன்ற ஒரு மலையை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டு கருவிகளும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது தெரியவரும்.

மலையின் கணக்கு

நீலகிரியில் விமான நிலையம் இல்லை. ஊட்டி தீட்டுக்கல்லிலும் வெலிங்டனிலும் ஹெலிகாப்டர்கள் இறங்குகின்றன. விமானங்களுக்குச் சமவெளியில் கோவையும் சூலூரும்தான். சூலூரிலிருந்து வெலிங்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 57 கி.மீ. சாலையில் போகிறவருக்கு மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, கொண்டை ஊசி வளைவுகள், குன்னூர் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஹெலிகாப்டருக்கோ அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

சிக்கல் தூரத்தில் இல்லை, ஏற்றத்தில் இருக்கிறது. மலை ரயில் பாதையில் கல்லாறு நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 405 மீட்டர் உயரத்திலும், குன்னூர் நிலையம் சுமார் 1,710 மீட்டரிலும் இருக்கின்றன. பறவை பறக்கும் கோட்டில் இடையே ஏறத்தாழ 10 கி.மீ. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 விமானம் கடல் மட்டத்தில் முழு வலுவுடன் நிமிடத்துக்கு 700 அடி ஏறும். உயரம் கூடக்கூட இந்த அளவு குறைந்துகொண்டே வரும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் அந்த 10 கி.மீ.யைக் கடக்க நான்கரை நிமிடம் கூட ஆகாது. அதற்குள் விமானம் அதிகபட்சம் 3,000 அடி ஏறியிருக்கும். கீழே தரையோ 4,200 அடிக்கு மேல் ஏறியிருக்கும். அதாவது, கல்லாறுக்கு மேலே தாழ்வாக வந்து, மலையைப் பார்த்தபின் ஏறத் தொடங்குகிற விமானத்தை மலை முந்திவிடும். ஏற வேண்டிய இடம் காரமடைக்கும் சூலூருக்கும் மேலே, சமவெளியில்.

எவ்வளவு ஏற வேண்டும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர், 8,652 அடி. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பவர்கள், மலைப் பகுதியில், சுற்றிலும் 8 கி.மீ.க்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி விட்டுப் பறக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கூட்டினால் 10,600 அடிக்கு மேல் வருகிறது. செஸ்னாவால் அந்த உயரத்தைத் தொட முடியும். ஆனால் சமவெளியிலிருந்து அதற்கு இருபது நிமிடமாவது ஆகும்.

ஏற முடியாவிட்டால் திரும்பலாம் என்பார்கள். மணிக்கு 185 கி.மீ. வேகத்தில், 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் விமானம் போடும் வட்டத்தின் விட்டம் சுமார் 930 மீட்டர். ஹெலிகாப்டர் வேகத்தைக் குறைத்து இதைவிடச் சிறிய வட்டம் போடும். இறக்கை விமானத்துக்கோ, பள்ளத்தாக்கின் நடுவில் பறந்துகொண்டிருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் அந்த 930 மீட்டர் இடம் வேண்டும். ஆகவே நடுவில் பறக்காமல் ஒரு சுவரை ஒட்டிப் பற, திரும்ப வேண்டிவந்தால் முழு அகலமும் உனக்குக் கிடைக்கும் என்பது மலையில் பறப்பவர்களின் பாலபாடம்.

இதற்கு மேல் வானிலை. தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, கூடலூர் பக்கத்தை நனைக்கும்போது கிழக்குச் சரிவு ஓரளவு வெளுத்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் கணக்கு தலைகீழ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சமவெளியின் ஈரக்காற்று குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மலையின் இடுப்பில் கட்டிய மேகம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு அதுவே மூடுபனி. விமானிக்கு அது கண் எதிரே இறங்கும் திரை. காலையில் திறந்திருந்த பள்ளத்தாக்கு நண்பகலில் மூடிக்கொள்வது இங்கே புதுமை இல்லை.

காகிதம் வந்த வழி

இந்த மலைக்கு வரைபடம் கிடைத்த கதை விமானத்துக்கு முந்தையது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக வளர்ந்ததுதான் பிற்காலத்தில் மாபெரும் முக்கோணவியல் அளவை என்று பெயர் பெற்றது. 1812இல் கீஸ், மக்மஹோன் என்ற இரு அளவையாளர்கள் நீலகிரியில் ஏறினார்கள். 1820களின் தொடக்கத்தில் வார்டு என்ற ராணுவ அதிகாரி மலையை முறையாக அளந்தார். அடுத்தடுத்த தலைமுறைகளின் உழைப்பு, இன்று சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களில் சம உயரக் கோடுகளாகக் கிடக்கிறது. பழைய எண் முறையில் ஊட்டி 58ஏ/11, குன்னூர் 58ஏ/15. அளவு 1:50,000, அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் இரண்டு சென்டிமீட்டர்.

சம உயரக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தாள் ஒரு தட்டையான பொருளே இல்லை. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மேடை நிலம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுத்துக் கிடக்கும். கேத்திப் பள்ளத்தாக்கில் அவை மூச்சு விட்டுக்கொள்ளும். ரயில் பாதை, ஓடை, கோயில், தோட்டத் தொழிற்சாலை எல்லாம் ஓர் ஊரின் அடையாளங்கள் மட்டுமில்லை, மேலிருந்து பார்ப்பவருக்கு அவை மைல்கற்கள்.

ஆனால் விமானி அதிகம் பயன்படுத்தும் தாள் இதுவன்று. மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் 1:50,000 தாள் ஒன்றைப் பத்து நிமிடத்துக்குள் தாண்டிவிடலாம். அதனால் அவர்களுக்கு 1:5,00,000, 1:10,00,000 அளவில் வானோட்ட வரைபடங்கள் உண்டு. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் நீலகிரி முழுவதும் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். அதில் காட்டேரிப் பள்ளத்தாக்கைத் தேடிப் பயனில்லை.

காகிதத்தைக் கொண்டு பறப்பது ஒரு முழு முறை. கிளம்பும் முன் தாளில் பென்சிலால் கோடு போட வேண்டும். பாகைமானியால் திசை, அளவுகோலால் தூரம், வானிலை அறிக்கையிலிருந்து காற்று. காற்று எவ்வளவு தள்ளும் என்று வட்ட அளவியில் கணக்குப் போட வேண்டும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அது ஓரிரு டிகிரிக்குள் என்பது நமக்கு வாய்த்த வசதி. பத்து நிமிடத்துக்கு ஒரு குறி வைத்து, அந்தக் குறியில் என்ன தெரிய வேண்டும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். 60 மைலில் ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரிப் பிழை என்ற வாய்ப்பாட்டைக் கொண்டு வழியிலேயே திருத்திக்கொள்ள வேண்டும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா தனி எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்ததும் ஜிபிஎஸ்ஸோ ராடாரோ இல்லாத அந்தக் காலத்துப் பறத்தல்தான். இன்றும் வணிக விமானி உரிமத்துக்கான தேர்வுகளில் வானோட்டம் தனித் தாளாக இருக்கிறது. 300 கடல் மைல் நெடும்பயணம் ஒன்றையும் பயிற்சியில் முடித்துக்காட்ட வேண்டும்.

செயற்கைக்கோள் வந்த வழி

1983 செப்டம்பரில் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதற்குப் பிறகே அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் பொதுமக்களுக்கும் திறக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. வழி தவறுதலே ஜிபிஎஸ் நம் கைக்கு வரக் காரணம் என்று சொல்லலாம். ஆனாலும் 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தவறு வரும். அந்தத் திரையை விலக்கியபின் அது சில மீட்டருக்குச் சுருங்கியது.

இந்தியா தன் பங்குக்கு ககன் என்ற அமைப்பை உருவாக்கியது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்தது. தரை நிலையங்கள் ஜிபிஎஸ்ஸின் பிழையை அளக்கும். ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 ஆகிய செயற்கைக்கோள்கள் அந்தத் திருத்தத்தை விமானங்களுக்கு அனுப்பும். 2013 இறுதியிலும் 2015 ஏப்ரலிலும் அதற்குச் சான்றுகள் கிடைத்தன. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர்-72 விமானம் ககனைக் கொண்டு தரையிறங்கியது. ககனின் பெருமை துல்லியத்தோடு முடிவதில்லை. சமிக்ஞையை நம்பக் கூடாத நேரம் வந்தால், இப்போது நம்பாதே என்று நொடிக்கணக்கில் சொல்லிவிடும்.

மலையில் பறப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான இன்னொரு கருவி உண்டு. முன்னால் தரை இருக்கிறது என்று எச்சரிக்கும் கருவியை டான் பேட்மேன் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்தார். முதல் தலைமுறைக் கருவி கீழே உள்ள தரையை மட்டும் பார்த்தது. எதிரே எழும் செங்குத்துப் பாறையை அது கடைசி நொடியில்தான் உணரும். 1990களில் உலகத் தரை உயரங்களையே கணினிக்குள் ஏற்றி, ஜிபிஎஸ் சொல்லும் இடத்தோடு ஒப்பிட்டு, முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி வந்தது. அந்தத் தரவின் ஒரு பகுதி, சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு விலைக்கு வாங்கிய அதன் ராணுவ வரைபடங்களிலிருந்து வந்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ஒன்று 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் எடுத்த உயரப் படம், இன்று மலிவான கைக்கணினிச் செயலிகளுக்குக்கூட மலைகளைத் தந்திருக்கிறது. மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறி, இந்த உயரத்தில் போனால் மோதுவாய் என்று அந்தச் செயலிகளும் சொல்லும்.

ஆக, என் இடம் எது என்ற கேள்விக்கு ஜிபிஎஸ் கொடுக்கும் பதிலோடு காகிதம் போட்டியிட முடியாது. இதை மறுப்பவர்கள் ஏக்கத்தால் மறுக்கிறார்கள், கணக்கால் மறுக்கவில்லை.

இரண்டும் தடுமாறும் இடங்கள்

எனினும் ஒரு நுட்பமான ஆபத்து இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கோளவுருவை வைத்து வரையப்பட்டவை. ஜிபிஎஸ் வேறொரு வடிவத்தைக் கொள்கிறது. நீலகிரியில் ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜிபிஎஸ்ஸில் படித்து அப்படியே பழைய தாளில் குறித்தால் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி விழும். தாளில் அது நான்கு மில்லிமீட்டர். திரும்புவதற்கு 930 மீட்டர் தேவைப்படும் பள்ளத்தாக்கில் 200 மீட்டர் என்பது சிறிய எண் இல்லை.

உயரத்திலும் இதே கதை. குமரிக்குத் தெற்கே இந்துமாக்கடலில், பூமியின் ஈர்ப்பு மட்டம் உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இருக்கிறது. கணித வடிவத்தைவிட அங்கே கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவு தமிழ்நாட்டையும் தொடுகிறது. இங்கே ஜிபிஎஸ் கணக்கிடும் மூல உயரம், கடல் மட்ட உயரத்தைவிட 80 முதல் 100 மீட்டர் வரை குறைவாக வரும். கருவி தனக்குள் வைத்திருக்கும் மாதிரியைக் கொண்டு அதைத் திருத்திக் காட்டுகிறது. திருத்தாத எண்ணைக் காட்டும் அமைப்பை யாராவது தெரியாமல் தேர்ந்துவிட்டால், உயரமானி ஒன்று சொல்லும், ஜிபிஎஸ் இன்னொன்று சொல்லும்.

தாளுக்கும் திரைக்கும் இடையே உள்ள பிணக்கு உயிர் வாங்கியதற்குப் பெரிய சாட்சி கொலம்பியா நாட்டில் இருக்கிறது. 1995 டிசம்பர் 20 அன்று காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757இல் விமானிகள், தாளில் ரோசோ என்ற வானொலி நிலையத்துக்கு இருந்த 'ஆர்' எழுத்தைக் கணினியில் தட்டினார்கள். கணினியின் தரவில் 'ஆர்' என்றால் பொகோட்டா பக்கம் உள்ள ரோமியோ. விமானம் சொன்னபடி அந்தப் பக்கம் திரும்பியது. தவறு புரிந்து அவர்கள் சரிசெய்வதற்குள் ஆண்டிஸ் மலை வந்துவிட்டது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். தாள் அதன் வழக்கப்படி சரி, கணினி அதன் வழக்கப்படி சரி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அரை நிமிடம்தான் இல்லாமல் போனது.

ஜிபிஎஸ்ஸின் மற்ற குறைகள் இப்போது செய்தித்தாளிலேயே வருகின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞை மிக மெலிந்தது. தரையிலிருந்து அதை அமுக்கலாம், பொய்யான சமிக்ஞையால் ஏமாற்றவும் செய்யலாம். 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் இப்படி 465 நிகழ்வுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. நீலகிரி எல்லையில் இல்லை. ஆனால் கைக்கணினியின் சிக்கல் இங்கே உண்டு. பிரபலமான கைக்கணினிகளின் பயன்பாட்டு வரம்பு 35 டிகிரி வெப்பம். ஏப்ரல் வெயிலில் கோவை ஓடுதளத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அதைத் தாண்டுவதற்கு நேரமே ஆகாது. சூடேறிய திரை அணைந்துபோகும். விமானி அதைக் குளிர்விக்கப் பார்ப்பாரா, வெளியே பார்ப்பாரா?

காகிதத்தின் குறைகளும் சொல்லத்தக்கவையே. ஒரு கையில் பிடித்து மடிக்க வேண்டும். குலுங்கும்போது எழுத்து தெரியாது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை அதுவாகச் சொல்லாது. ஒருமுறை தவறவிட்டால் மீட்பது கடினம். அச்சான ஆண்டோடு அதன் உலகம் நின்றுபோகிறது. 1932இல் பைக்காரா மின் நிலையம் வந்ததிலிருந்து நீலகிரி ஒரு மின்சார மலை. குந்தா திட்டம் வந்தபின் இன்னும் அதிகம். பள்ளத்தாக்கின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தொங்கும் உயரழுத்தக் கம்பிகளும், தாள் அச்சானபின் எழுந்த அலைபேசிக் கோபுரங்களும் தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு மலையைவிடப் பெரிய எதிரி. பழைய தாளில் புதியவை இருக்காது. செயலியின் தரைத் தரவிலோ கம்பிக்கு இடமே இல்லை.

இடம் தெரிந்தும் விழுவது

2022 ஜனவரி 14 அன்று விமானப்படை வெளியிட்ட விசாரணையின் முதற்கட்ட முடிவு, எந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் மூன்றையும் விலக்கியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது. முழுக் கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே அது தரையில் மோதியது என்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கை, அதே விபத்தின் காரணத்தை விமானக் குழுவின் மனிதத் தவறு என்று பட்டியலிட்டது. அன்று மலை ரயில் பாதையோரம் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியில் ஹெலிகாப்டர் வெண்மைக்குள் மறைகிறது. சற்றுப் பொறுத்துச் சத்தம் மாறுகிறது.

விசாரணை முடிவில் கவனிக்க வேண்டியது, வழி தவறினார்கள் என்ற வார்த்தை எங்கும் இல்லை என்பதே. 2020 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டரும் இப்படித்தான். விமானி நெடுஞ்சாலையைத் தொடர்ந்து பறந்தார். தான் எந்தச் சாலைமேல் இருக்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. மேகத்துக்குள் போனதும், மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று வானொலியில் சொன்னார். அப்போது ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

காரணம் காதுக்குள் இருக்கிறது. நம் உடல் சமநிலையை உட்செவியின் திரவத்தைக் கொண்டும் கண்ணைக் கொண்டும் அறிகிறது. அடிவானம் மறைந்தால், மெதுவாகச் சாயும் விமானத்தின் சாய்வைக் காது உணராது. சாய்வைச் சரிசெய்யும்போதோ எதிர்ப்பக்கம் சாய்வதாகப் பொய் சொல்லும். 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்பில் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக ஆன நேரம் 178 நொடி. தேர்ந்த விமானிகள் கருவிகளைப் படித்து இதைக் கடக்கிறார்கள். ஆனால் வெளியே பார்த்துப் பறந்துகொண்டிருந்தவர் கருவிக்கு மாறுவதற்கான சில நொடிகளில், எதிரே மலையும் இருந்தால் அவர் தேர்ச்சிக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த நொடிகளில் தாளை விரித்தாலும் ஒன்றுதான், திரையில் மலை சிவந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் இதே மலையில் உண்டு. 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படையின் ஹெலிகாப்டர் ரேலியா அணையில் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு தீயின்மேல் ஊற்றியது. மரங்களுக்குச் சற்று மேலே, சரிவை ஒட்டிய வேலை. டிசம்பரில் மேகம் ஆக்கிரமித்திருக்கும் அதே மலை, மார்ச்சின் வறண்ட வானில் அதற்கு இடம் கொடுத்தது. கருவி மாறவில்லை, மாதம் மாறியிருந்தது.

வால்டின் கேள்வி

இங்கே முதல் விமானத்துக்குத் திரும்பலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை வால்டின் குழுவிடம் ஒரு கணக்கைக் கொடுத்தது. சண்டையிலிருந்து திரும்பும் விமானங்களில் எங்கெங்கே குண்டுத் துளைகள் இருக்கின்றன என்ற பட்டியல் அது. துளை அதிகம் உள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றே யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு வேறு பக்கம் காட்டியது. பட்டியலில் இருப்பவை எல்லாம் திரும்பி வந்தவை. எஞ்சினில் துளை குறைவாக இருக்கிறதென்றால் அங்கே குண்டு படவில்லை என்று பொருளாகாது; அங்கே பட்டவை வீடு வந்து சேரவில்லை. அந்த மனிதர் கடைசியில் ஒரு விமானத்தில், இந்த மலையில் இறந்தார்.

காகிதமா ஜிபிஎஸ்ஸா என்ற வழக்கில் சாட்சி சொல்பவர்கள் எல்லாரும் திரும்பி வந்தவர்கள். நாற்பது வருடம் தாளை வைத்தே பறந்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொல்வார். திரை வந்தபின் தாளைத் தொட்டதே இல்லை, ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சாட்சியும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் பட்டியலிடும் துளைகள் எல்லாம் வழி தவறியவை, திரை அணைந்தவை, தாள் காற்றில் பறந்தவை, சொல்லிச் சிரிக்கக்கூடியவை. திரும்பாதவர்களின் விபத்து அறிக்கைகளைப் படித்தால் வேறொரு துளை தெரிகிறது. அவர்களில் பலர் தங்கள் இடத்தை அறிந்திருந்தார்கள். அறியாதது, அல்லது அறிந்தும் முடிவெடுக்காதது, எங்கே திரும்புவது என்பதை.

இந்தத் துளைக்குக் கவசம் எது என்று பார்த்தால், இரு கருவிகளின் வேலைகளும் பிரிந்துவிடுகின்றன. காற்றில் இருக்கும்போது ஜிபிஎஸ்ஸே கண். ககன் திருத்தத்தோடு, தரை எச்சரிக்கையோடு, புதுப்பித்த தரவோடு அது இருக்கட்டும். அதை மறுப்பதில் வீரம் ஒன்றும் இல்லை. காகிதத்தின் பெருமை தரையில், கிளம்பும் முந்தைய மாலையில். 58ஏ/15 தாளை மேசைமேல் விரித்துச் சம உயரக் கோடுகளின் நெருக்கத்தைக் கண்ணால் தடவும்போதும், பள்ளத்தாக்கின் அகலத்தை அளவுகோலால் அளந்து, நமக்குத் திரும்ப வேண்டிய அகலத்தோடு ஒப்பிடும்போதும், முழு மலையும் ஒரே பார்வையில் இருக்கிறது. திரை அந்தந்த நேரத்துக்கு உரிய துண்டைத்தான் காட்டுகிறது. அடுத்த வளைவுக்குப் போனால் அடுத்த துண்டைக் காட்டும். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு அதுவே வழிவிடுகிறது. மெல்லிய பென்சில் கோடு அந்த ஆசையை முன்கூட்டியே கேள்வி கேட்கிறது. பெரிய கைக்கணினியில் அதே தாளை விரித்து அதே கணக்கைப் போட்டாலும் பலன் அதுவே. அந்தப் பலன் மரக்கூழில் இல்லை, உட்கார்ந்து போடும் கணக்கில் இருக்கிறது. காகிதத்தைக் கொண்டு பறந்தவர்களுக்கு அந்தக் கணக்கைத் தவிர்க்க வழி இருக்கவில்லை. ஜிபிஎஸ் வைத்திருப்பவருக்கு அது விருப்பப்பாடமாகிவிட்டது. இழப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சமவெளியிலிருந்து நீலகிரிக்குக் கிளம்பும் சிறு விமானத்தின் தாளில் ஒரு குறி கட்டாயம் இருக்க வேண்டும் என்றால் அது கல்லாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து சாதாரண ரயிலைப் போல ஓடிவரும் மலை ரயில், கல்லாறில்தான் பற்சக்கரத்தைத் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையில் கோத்துக்கொள்கிறது. அங்கிருந்து குன்னூர் வரை, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், அது வேறு வகை ரயில். விமானியும் அந்த இடத்துக்கு மேலே வரும்போது தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்: தேவையான உயரம் வந்துவிட்டதா, குன்னூரின் முகடு கண்ணுக்குத் தெரிகிறதா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் இடப்பக்கம் சாய்த்து, கோவையை நோக்கித் திரும்பலாம். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது.